கொடுத்தவனைக் காட்டாத படம்

"அந்த எளைய பையன் எங்க?" என்று ரெத்தினபாய் கேட்டாள்.

படம் முடிந்து திரையில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. சுவரில் உயரமாக மாட்டியிருந்த டிவியை நாங்கள் மூன்று பேரும் மூன்று கட்டில்களில் கிடந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் இடது கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், மெஷினில் சுத்தமாகி, மற்றதன் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மற்ற இருவருக்கும் அப்படியே. ஏ.சி. குளிருக்குக் கழுத்து வரை போர்வை. அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை.

"எந்தப் பையன்?" என்றான் அருளப்பன்.

"ஹீரோவுக்க தம்பி. அம்மைக்குக் கிட்னி குடுத்தான்லா, அவன். அதுக்குப் பொறவு அவன ஒருதரம்கூடக் காட்டல்லியே."

அருளப்பன் சிரித்தான். "கால்ஷீட் முடிஞ்சு வீட்டுக்குப் போயிருப்பான், யக்கா."

எனக்கும் சிரிப்பு வந்தது. ரெத்தினபாய் சிரிக்கவில்லை. படம் முடிந்து விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகும் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரத்துக்குள்ளாவது அந்தப் பையன் வந்து நிற்பான் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

மூன்று கட்டில், ஒரு ரிமோட்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் சிறுநீரகங்கள் ஓய்ந்துபோன கதை தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சந்திரா, அஞ்சுகிராமம்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை என் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புவதுதான் இப்போது என் உத்தியோகம். வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, பிள்ளைகள் கிடையாது. அதனால் எனக்கு யார் சிறுநீரகம் தருவார்கள் என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை.

ஒருமுறை படுத்தால் நாலு மணி நேரம். தூக்கம் வராது. ஒரு கையை அசைக்கக் கூடாது என்பதால் புத்தகமும் சரிப்படாது. அப்படித்தான் படம் பார்க்க ஆரம்பித்தோம்.

எங்கள் அறையில் மூன்று கட்டில். ஜன்னலோரம் நான். நடுவில் அருளப்பன். கடியப்பட்டணத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவன், நாற்பது தாண்டியிருக்கும். குரல் கடற்கரைக்குரல், காதோடு சொன்னாலும் வராந்தா வரை கேட்கும். சுவரோரம் ரெத்தினபாய், கருங்கல் ஊர்ப்பக்கம். எனக்கு ஒத்த வயது. கணவர் இல்லை. தைத்துச் சம்பாதித்து ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு சட்டைக்காவது காஜா எடுத்துவிட்டுத்தான் போவாளாம்.

எங்களுக்கு ஊசி போடுகிற ஷீபா ரிமோட்டை முறை வைத்துக் கொடுப்பாள். அருளப்பன் முறை என்றால் சண்டைப் படம். ரெத்தினபாய் முறை என்றால் குடும்பப் படம், அல்லது மலையாளப் படம். என் முறை என்றால் இருவரும் சேர்ந்து முனகுவார்கள்.

படம் முடிந்ததும் மெஷின் ஓய இன்னும் நேரம் கிடக்கும். அதுதான் கருத்துச் சொல்லும் நேரம்.

அருளப்பன் படங்களுக்கு மார்க் போடுவது மீனில். "இது நல்ல நெய்மீனாக்கும்" என்றால் மிக உயர்ந்த பாராட்டு. "சாளைதான், ஆனா அன்னைக்குப் பிடிச்ச சாளை" என்றால் சிறிய படம், ஆனாலும் ருசி உண்டு. "ஐஸ் மீனு" என்றால் வேறு யாரோ எப்போதோ எடுத்ததை மறுபடி எடுத்து விற்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் பார்த்ததில் பாதிக்குமேல் ஐஸ் மீன்தான்.

தண்ணீர் குடிக்கிற காட்சி

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் படம் பார்க்கும் விதம் வேறு.

ஹீரோ வெயிலில் நடந்து வந்து ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடிப்பான். பாதி வாய்க்குள் போகும், பாதி கழுத்து வழியாக நெஞ்சில் வழியும். அந்த இடத்தில் எங்கள் அறையில் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிடும். நாள் முழுக்க நாங்கள் அளந்து குடிக்கிற தண்ணீரை அவன் ஒரு ஷாட்டில் சிந்திவிட்டுப் போவான்.

"சவத்துப் பய. வழிய விடுதான் பாரு" என்பான் அருளப்பன். கொலை, கொள்ளை எதற்கும் அவன் இத்தனை கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக் காட்சியும் அப்படித்தான். இளநீர், மட்டிப்பழம், ஏத்தன்பழம், கப்பக்கிழங்கு என்று இந்த ஊரில் எதெல்லாம் கொல்லைப்புறத்தில் விளையுமோ அதெல்லாம் எங்களுக்கு விலக்கு. ஒரு படத்தில் கப்பயும் மீன்குழம்பும் இலையில் வைத்து வெகுநேரம் காட்டினார்கள். கதை என்ன என்று பிறகு மூவருக்குமே ஓர்மை இல்லை. "அந்தக் கப்பப் படம்" என்றுதான் இன்றைக்கும் அதற்குப் பெயர்.

இளமையில் நான் படம் பார்த்துவிட்டு வந்து கதையைப் பற்றிப் பேசுவேன், நடிப்பைப் பற்றிப் பேசுவேன். இப்போது களைப்பில் எல்லாம் கழன்று விழுந்துவிட்டது. யார் தண்ணீர் குடிக்கிறார்கள், யார் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார்கள் என்று பார்ப்பதோடு சரி.

எக்ஸ்சேஞ்சில் கேட்ட விமர்சனங்கள்

இதைச் சொல்லும்போது பழைய எக்ஸ்சேஞ்ச் ஞாபகம் வருகிறது.

டிரங்க் கால் போட்டுக் கொடுத்த காலம் அது. லைன் சரியாகக் கிடைத்ததா என்று நாங்கள் கொஞ்சம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒட்டுக்கேட்கக் கூடாது என்பது விதி. காதுக்கு விதி தெரியாது.

இனயம் ஊர்க்காரர் ஒருவர் பம்பாயிலிருந்து மனைவிக்குக் கால் போடுவார். லைன் கிடைத்ததும் நலம் விசாரிப்பு முடியும். அப்புறம் அவர், "படம் ஏதும் பாத்தியா?" என்பார். அந்தம்மா பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லும். அதில் வந்த மருமகள் செய்தது சரியா தப்பா என்று இருவரும் தர்க்கம் செய்வார்கள். குரல் உயரும். அந்தம்மா அழும். அவர் சமாதானம் சொல்வார். எல்லாம் அந்தப் படத்து மருமகளுக்காகத்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு படத்துக்கா இவ்வளவு என்று நினைத்தேன். கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்: "அவங்க வீட்டுல மாமியாரும் இருக்கா, கேட்டியா."

சுவரோரக் கட்டிலில் ரெத்தினபாய் கேட்ட கேள்விக்கு நான் சிரித்தபோது, இது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்தப் படம்

படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவர்கள் உழைத்துத்தான் எடுத்திருப்பார்கள்.

கதை இதுதான். மூத்த மகன் ஹீரோ. ஊரில் ஒரு ரௌடியோடு பகை. அம்மா ஒருநாள் மயங்கி விழுகிறாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்கிறார் டாக்டர். அடுத்த காட்சியில் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. மெஷின் என்று அவர்கள் காட்டியது இதயத் துடிப்பு பார்க்கிற பெட்டி. மூக்கில் ஆக்சிஜன், நெற்றியில் ஏனோ ஒரு கட்டு. ஷீபா ஊசி டிரேயைக் கையில் வைத்துக்கொண்டே நின்று சிரித்தாள்.

பிறகு தம்பி வருகிறான். ஒல்லியான பையன், அதுவரை இரண்டு காட்சிகளில்தான் வந்திருப்பான். "அம்மாவுக்கு நான் தர்றேன்" என்கிறான். ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் அம்மா எழுந்து ஒரு பூந்தோட்டத்தில் நடக்கிறாள். மூத்தவன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறான். மீதிப் படம் முழுக்க ரௌடியோடு சண்டை. கடைசியில் தங்கை கல்யாணம். பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்கிறது.

"அந்த எளையவன் இல்ல" என்றாள் ரெத்தினபாய் மறுபடியும். "செத்தானா, கெடக்கானா? பெத்தவ ஒரு வார்த்தை கேக்கல்ல."

"படம் அம்மையப் பத்தியாக்கும் யக்கா. தம்பியப் பத்தி இல்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கொள்ளாத படம்."

"ஐஸ் மீனுதான். ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த ஒரு சீன் நல்ல சீனு. அம்மைக்காரி மறுபேச்சு பேசாம வாங்கிக்கிட்டாளே, அது நல்லா இருந்து."

"பெத்த பிள்ளைய அறுத்து எடுத்துக்கிட்டது நல்லா இருந்தாக்கும்?"

"அவனாட்டு வந்துல்லா குடுக்கான். வேண்டாம்னு சொன்னா அவனுக்க மனசு என்ன பாடு படும்? வாங்கவும் தெரியணும். குடுக்க ஆளிருந்தும் வேண்டாம்னு சொல்லது பாசமில்ல யக்கா, திமிராக்கும்."

ஷீபா ஊசி டிரேயை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனாள்.

ரெத்தினபாயின் மகள் ஜெனி, அம்மாவுக்குத் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று பல மாதமாக நின்றுகொண்டிருந்தாள். ரத்தம் பொருந்தியிருந்தது. மருமகன் சம்மதித்திருந்தார். ரெத்தினபாய் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. வீட்டு விஷயத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சொல்லாமலே எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம்.

"நீ படத்தப் பத்திப் பேசு" என்றாள் ரெத்தினபாய்.

"படத்தப் பத்தித்தான் பேசுதேன்."

"இல்ல."

பிறகு என்னைப் பார்த்தாள். "சந்திரா, நீ சொல்லு. படம் எப்படி?"

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டிருந்தது. "சண்டை கொஞ்சம் நீளம்" என்றேன்.

இருவரும் ஒரே மாதிரி வெறுப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரெத்தினபாயால் முழுதாகத் திரும்பவும் முடியவில்லை. ஊசி போட்ட கை இந்தப் பக்கம் கிடந்தது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள். கோபம் வந்தால் எழுந்து போகிற வசதி எங்களுக்கு இல்லை. சண்டை போட்டவனின் பக்கத்திலேயே, ரத்தம் முழுக்கச் சுற்றி முடியும் வரை கிடக்க வேண்டும்.

வாய் திறக்காத நாட்கள்

அதன் பிறகு டிவி ஓடியது. யாரும் பார்க்கவில்லை.

ரிமோட் முறை வந்தால், "நீங்க எதையாவது போடுங்க மக்ளே" என்று ரெத்தினபாய் ஷீபாவிடம் சொல்லிவிடுவாள். ஷீபா செய்தி போடுவாள். எங்கோ வெள்ளம், எங்கோ தேர்தல். அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான், தூங்குகிற மாதிரி. தூங்கினால் அவன் குறட்டை விடுவான் என்பது எங்களுக்குத் தெரியும்.

டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது வரும் களைப்பை விளக்குவது கஷ்டம். பிழிந்து கொடியில் போட்ட துணி என்று சொல்லலாம், ஆனால் துணிக்கு வீடு போய்ச் சேர வேண்டிய வேலை இல்லை. அந்த வாரங்களில் களைப்பு கட்டிலில் ஏறுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

ஒருநாள் என்னை அழைத்துப்போக வீட்டுக்காரர் வரத் தாமதமானது. வராந்தா பெஞ்சில் ஜெனியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளும் அம்மாவைப் போலத் தையல் தெரிந்தவள், மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வேலை. மூன்று வயசுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, அம்மாவோடு ஒவ்வொரு தடவையும் வருவாள்.

"ஆன்டி, நிங்க பாத்த அந்தப் படத்த நானும் வீட்டுல போட்டுப் பாத்தேன்" என்றாள். "ஒண்ணுக்கும் கொள்ளாத படம். இதுக்கா அம்மையும் அந்த அண்ணனும் இத்தன நாளா பேசாம இருக்காவ?"

"அம்மை சொன்னாளா?"

"என்னட்ட ஒண்ணும் சொல்லமாட்டாவ. ஷீபாக்காதான் சொன்னாவ, படத்துல சண்டைன்னு."

நான் அவள் அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். அந்தத் தம்பியைப் பிறகு ஒருமுறைகூடக் காட்டவில்லை என்பதைச் சொன்னேன்.

"ஆமா, இல்ல?" என்றாள் ஜெனி. "எனக்கு அது தோணவே இல்ல ஆன்டி. நான் அந்த அம்மையத்தான் பாத்துட்டு இருந்தேன், எந்திரிச்சு நடக்காவளா, நடக்காவளான்னு."

பிறகு துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா வெளியே வரும்போது எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன். அம்மா மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை பெய்த அன்று

மேற்கே கறுத்து, மத்தியானத்துக்குப் பிறகு பெரிய மழை பிடித்த நாள் அது.

அருளப்பனை அழைத்துப்போக அவன் அண்ணன் சூசை வருவார். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. டயாலிசிஸ் முடிந்து தம்பி வெளியே வரும்வரை வாசல் பக்கம் வேப்ப மரத்தடியில் நிற்பார். எவ்வளவு நேரமானாலும் உள்ளே வரமாட்டார். மருந்து வாசனை பிடிக்காது போல என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று மரத்தடியில் நிற்க முடியாத மழை. வராந்தாவிலும் ஜெனி உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தவிர எல்லா இடமும் ஒழுகியது. ஷீபா வெளியே போய், "அண்ணே, உள்ள வந்து இரிங்க. நனையாதியோ" என்று கூட்டிவந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டை ஈரத்தோடு, கதவருகில் நின்றார் சூசை. டீசல் மணமும் உப்புக்காற்று மணமும் அவரோடு உள்ளே வந்தன. யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அருளப்பன் கண்ணைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, பல வாரத்துக்குப் பிறகு முதல்தடவையாகக் கூப்பிட்டான்.

"யக்கா."

ரெத்தினபாய் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

"யக்கா, நிங்க கேட்டியள்லா. குடுத்த பையன் எங்கன்னு. இந்தா நிக்கான்."

எங்களுக்கு விளங்கவில்லை. அருளப்பன் ஊசி இல்லாத கையால் போர்வையை விலக்கிச் சட்டையைத் தூக்கினான். அடிவயிற்றில், வலது பக்கம், கோணலாக ஒரு நீளத் தழும்பு.

"நிங்க ரெண்டு பேரும் இங்க வாறதுக்கு முன்ன. திருவனந்தபுரத்துல வச்சு மாத்தினது. அண்ணன் குடுத்தான். கொஞ்ச வருஷம் நல்லா ஓடிச்சு. பொறவு ஒரு காய்ச்ச வந்து நின்னு போச்சு."

"ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா புதுசா வாறவங்களுக்க தைரியம் போவும். தோத்த கதைய இங்க வச்சு யாருட்ட சொல்லது?"

ரெத்தினபாய் இப்போது அவனைப் பார்த்தாள். "நின்னு போவும்னு அறிஞ்சுமா என்னய வாங்கச் சொன்ன?"

"அறிஞ்சுதான் சொன்னேன். அந்த வருஷமெல்லாம் எனக்க வருஷமாக்கும். சாமியாரு எனக்க மகளுக்குப் புதுநன்மை, மொதல் நற்கருணை குடுத்த அன்னைக்கு நான் இங்கன கெடக்கல்ல, கோயில்ல நின்னேன். கடலுக்குப் போனேன். தாகம் வந்தா தண்ணி குடிச்சேன். அதெல்லாம் யாரு திரும்ப எடுக்க முடியும்?"

ரெத்தினபாய் சூசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரை, தைத்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஒமக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியா?"

சூசை தலையை ஆட்டினார். "ஒண்ணும் இல்ல. வள்ளம் தள்ளும்போ ஒரு பக்கமாச் சாஞ்சு தள்ளுவேன். அது பேடியில, வெறும் பயத்துல. பேடிக்காண்டாம்னுதான் டாக்டர் சொன்னாரு."

"வேலைக்கெல்லாம்?"

"போறேன்லா. இன்னைக்கும் போயிட்டுத்தான் வாறேன்."

"மனசுல வருத்தம் ஒண்ணும் இல்லியா? குடுத்தது நிக்கல்லியே."

சூசையின் சட்டை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் சின்னதாகத் தேங்கியது. அதைக் காலால் துடைக்கப் பார்த்தார்.

"வருத்தம் உண்டு" என்றார். "எனக்க சாமான் கொள்ளாம போச்சேன்னு."

"என்ன?"

"அதுக்கு முன்ன நான் குடிச்சிட்டு நடந்தவனாக்கும். டெஸ்டெல்லாம் எடுத்து நல்லதுன்னுதான் சொன்னாவ. ஆனாலும் நான் ஒழுங்கா இருந்திருந்தா இவனுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்லா? கெட்டதத் தூக்கித் தம்பிக்குக் குடுத்திட்டமோன்னு ஒரு இது. அதான் உள்ள வாறதில்ல. இவன் இங்கன கெடக்கதப் பாத்தா அதுதான் தோணும்."

அருளப்பன் எழுந்திருக்கப் பார்த்தான். கை அசைந்ததும் அவன் மெஷின் கூவ ஆரம்பித்தது. "கைய அசைக்காதியண்ணே!" என்று ஷீபா ஓடி வந்து குழாயைச் சரிசெய்தாள். அந்தக் கூவலுக்கு மேலாக அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"யண்ணே! கடலுக்குப் போவாதன்னு டாக்டர் என்னட்டல்லா சொன்னாரு! நான்லா கேக்காம போயி காய்ச்ச வாங்கினேன்! நீ தந்தத நான் பேணாமக் கெடுத்துட்டேன்னு ஒனக்கு எம்மேல கோவம்னு நான் நெனச்சேன். அதான் நீ உள்ள வாறதில்லன்னு..."

மெஷின் அடங்கியது. அவன் குரலும் அடங்கியது.

சூசை வந்து கட்டிலருகில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், விலகிக் கிடந்த போர்வையை எடுத்துத் தம்பியின் கழுத்து வரை இழுத்துவிட்டார். "கோவமா? போலே" என்றார். அவ்வளவுதான்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மழையில் எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை.

மெஷின் ஓய்ந்து ஊசியை எடுக்கும்போது, ரெத்தினபாய் ஷீபாவிடம் மெல்லச் சொன்னாள். "வெளிய ஜெனி இருப்பா. உள்ள வரச் சொல்லு மக்ளே."

பிறகு

அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடவில்லை. சினிமாவில் என்றால் ஒரு பாட்டில் முடித்திருப்பார்கள்.

ரெத்தினபாய் சரி என்று சொல்ல மேலும் பல வாரம் ஆனது. சொன்ன பிறகும் இரண்டு தடவை மாற்றிச் சொன்னாள். திருவனந்தபுரத்தில் பரிசோதனை மேல் பரிசோதனை. ஜெனிக்கு ஒரு சளி பிடித்ததில் எல்லாம் தள்ளிப்போனது. நடுவில் ஒருநாள் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் கேட்டாள்: "சந்திரா, நான் செய்யப்போறது சரியா?"

இந்தத் தடவை நான் சண்டைக்காட்சியைப் பற்றிப் பேசவில்லை. "எனக்கு யாரும் தாறேன்னு சொன்னதில்ல ரெத்தினம். சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பேன்" என்றேன். அதைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் அதைப் பற்றி இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று. அவள் ஊசி இல்லாத கையை என் பக்கமாக நீட்டினாள். நடுவில் அருளப்பன் கட்டில் இருந்ததால் எட்டவில்லை. அவன் அதைத் தொட்டுவிட்டு, அவளுக்குப் பதிலாக என் போர்வைமேல் தட்டிக் கொடுத்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தது. அம்மாவும் மகளும் வீட்டில் இருக்கிறார்கள். எத்தனை வருஷம் ஓடும் என்று டாக்டர் சொல்லவில்லை, ரெத்தினபாயும் கேட்கவில்லையாம். போன் செய்தால் முதலில் மகளைப் பற்றித்தான் சொல்வாள். ஜெனி படி ஏறினாள், ஜெனி குழந்தையைத் தூக்கினாள், தூக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன், ஜெனி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். தன்னைப் பற்றிக் கேட்டால், "எனக்கென்ன, சுகமா இருக்கேன்" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

சுவரோரக் கட்டிலுக்கு இப்போது வேறொருவர் வருகிறார். நல்ல மனிதர். காதில் ஹெட்போன் மாட்டித் தன் போனில் தனியாகப் படம் பார்ப்பார். எப்படி இருந்தது என்று கேட்டால், "கொள்ளாம்" என்பார், நன்றாக இருந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் கிடையாது. நானும் அருளப்பனும் மட்டும்தான் தர்க்கம் செய்கிறோம். இரண்டு பேர் தர்க்கத்தில் சுவை குறைவு. எனக்கும் முன்போல வாயாட முடிவதில்லை. பாதிப் படத்தில் கண் சொருகிவிடுகிறது.

சூசை இப்போது உள்ளே வருகிறார். கடைசி ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று ஷீபா ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறாள். விடியுமுன்னே கடலுக்குப் போய் வந்த உடம்பு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிடும். கட்டில் கம்பியில் நெற்றியைச் சாய்த்து அப்படியே உறங்கிவிடுவார்.

போன வாரம் பெரிய ஹீரோ படம், அருளப்பன் முறை. கடைசிச் சண்டை ஆரம்பித்த நேரம் அண்ணன் உறங்கிப்போனார். அருளப்பன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டான். ஹீரோ சத்தமில்லாமல் கத்தினான். லாரிகள் சத்தமில்லாமல் கவிழ்ந்தன. வசனம் எதுவும் விளங்கவில்லை. நானும் வாயசைவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எங்கோ ஒரு கதவு அடைபட்ட சத்தத்தில் சூசை திடுக்கிட்டு நிமிர்ந்தார். திரையைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"இல்ல" என்றான் அருளப்பன். "நீ ஒறங்கு."